தத்துவஞானியின் புத்தக அலமாரியைத் தேடிப் போகிறவர்களுக்கு

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக்கின் சொந்த நூலகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் பாதிக்கு மேல் வாசிப்பில் போகவில்லை. தவறான பட்டியலை நம்பியதில் கொஞ்சம், வேறொருவருடைய பிரதிக்குப் பணம் கட்டியதில் கொஞ்சம், ஒரே ஒரு கடிதம் கையில் இல்லாததால் வாசிப்பறை வாசலிலிருந்து திரும்பியதில் கொஞ்சம் என்று கழிந்துபோயிற்று. இந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சப்பட்டிருக்கும். உங்களுக்காவது அது மிச்சப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பல்கலைக்கழக ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு சிந்தனையாளரைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறீர்கள், அவர் மேசையில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன, அவற்றிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்றால் அதுவே போதும்.

1. கேள்வியை ஓர் அலமாரித் தட்டு அளவுக்குச் சுருக்குங்கள்

"லாக்கின் நூலகம் அவர் சிந்தனையை எப்படிப் பாதித்தது?" என்ற கேள்வியோடுதான் நான் தொடங்கினேன். அந்தக் கேள்விக்கு விடை தேட ஓர் ஆயுள் போதாது. 1704இல் அவர் இறந்தபோது அவரிடம் 3,600க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. மருத்துவம், இறையியல், அரசியல், பயணநூல்கள் என்று எல்லாம் அதில் உண்டு.

பிறகு ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன்: பயணநூல்கள். மனிதர் பிறக்கும்போதே சில கருத்துகளோடு பிறக்கிறார்கள் என்பதை லாக் தம் 'மனித அறிவு பற்றிய கட்டுரை'யில் மறுக்கிறார். கடவுள் என்ற எண்ணம்கூட எல்லா மக்களிடமும் இல்லை என்று சொல்லி, பிரேசில், கரீபியத் தீவுகள், தென்னாப்பிரிக்கக் கரை என்று பயணிகளின் குறிப்புகளை வரிசையாகச் சான்று காட்டுகிறார். அவர் அறைக்குள் உட்கார்ந்து வெறும் தர்க்கத்தால் கட்டிய வாதம் என்று நான் நினைத்திருந்த இடத்தில், மாலுமிகளும் பாதிரிமார்களும் எழுதிய புத்தகங்கள் வந்து நின்றன. "எந்தப் பயணநூல்கள், எந்தப் பதிப்பில், எப்போது அவர் கைக்கு வந்தன?" என்று கேட்டதும் வேலைக்கு ஒரு கரை தெரிந்தது.

நீங்களும் ஒரு வாதம், ஒரு நூல், ஒரு பத்தாண்டு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலகருக்குக் கடிதம் எழுதும்போது இந்தச் சுருக்கம்தான் கை கொடுக்கும்.

2. பட்டியல் கிடைத்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள், அதை எழுதியவர் யார் என்று பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தத்துவஞானியின் நூலகம் பற்றிய பட்டியல்கள் பலவகை. தாமே எழுதி வைத்த பட்டியல் மிக அபூர்வம். லாக் அந்த வகை. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் 1674இல் அச்சிட்ட பட்டியலை வாங்கி, தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, அதையே தம் சொந்த நூலகத்துக்குப் பட்டியலாக்கிக்கொண்டார். இதைக் கொண்டும் எஞ்சிய நூல்களைக் கொண்டும் ஹாரிசனும் லாஸ்லெட்டும் தொகுத்த பட்டியல் 1965இல் வெளிவந்தது. லாக்கைப் பற்றி எதுவும் தொடங்குமுன் அதைப் பாருங்கள்.

டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசா வேறு வகை. 1677 பிப்ரவரியில் ஹேக் நகரில் அவர் இறந்தபின், உடைமைகளை எழுதி வைக்க வந்த நோட்டரி புத்தகங்களையும் எழுதினார். ஏறத்தாழ 160 நூல்கள், அளவு வாரியாக: பெரிய தாளில் அச்சானவை முதலில், சிறியவை கடைசியில். நோட்டரிக்குத் தத்துவம் தேவையில்லை, விற்றால் என்ன வரும் என்பதுதான் அவர் கவலை. அதனால் தலைப்புகள் சுருங்கியிருக்கும், ஆசிரியர் பெயர் குழம்பியிருக்கும். அதோடு, சாவுக்கும் பட்டியலுக்கும் இடையே யாராவது ஏதாவது எடுத்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தும் அந்தப் பட்டியல் ஒரு பொக்கிஷம். எபிரேய மொழியில் இடைக்கால யூதச் சிந்தனையாளர் மைமோனிடிசின் நூலும் ஸ்பானியக் கவிதைகளும் கணித நூல்களும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருந்தன என்று நமக்குத் தெரிவது அந்த நோட்டரியால்தான்.

மூன்றாவது வகையான ஏலப் பட்டியல் மிக ஆபத்தானது. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் தம் புத்தகங்களைக் கென்சிக்கன் என்ற பேராசிரியருக்கு விட்டுச் சென்றார். அவரும் இறந்தபின் 1808இல் ஏலத்துக்கு வந்த பட்டியலில் இரண்டு பேருடைய புத்தகங்களும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அதில் ஒரு நூலைக் கண்டு "கான்ட் இதைப் படித்தார்" என்று எழுதிவிட்டால் யாரோ ஒருவருடைய அலமாரியைக் கான்ட்டின் தலையில் ஏற்றியதாக ஆகும்.

நான்காவது வகை, சிந்தனையாளர் புழங்கிய இன்னொருவர் வீட்டு நூலகம். ஆங்கிலேயத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் வாழ்நாளின் பெரும்பகுதி கேவண்டிஷ் பிரபுக் குடும்பத்தில் ஆசிரியராகவும் செயலாளராகவும் இருந்தார். ஹார்ட்விக் மாளிகை நூலகத்தின் பட்டியல் ஒன்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. அது அவர் படித்த பட்டியல் என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் குடும்பம் வாங்கிய நூல்களும் அதில் உண்டு. அதே நேரம், பிரபு நூலகத்துக்கு வேண்டிய நூல்களை ஹாப்ஸின் விருப்பப்படியே வாங்கினார் என்ற செய்தியும் உண்டு. ஆகவே "கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை, யார் தொகுத்தது என்று பார்க்காமல் நான்கு மாதம் பயன்படுத்தினேன். அதைத் தொகுத்தவர் லாக் மேற்கோள் காட்டிய நூல்களையும் அவர் வைத்திருந்த நூல்களையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். குறிப்பேட்டில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

3. புத்தகங்கள் இன்று எங்கே இருக்கின்றன?

சில நூலகங்கள் முழுதாக இருக்கின்றன. பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் 1778இல் இறந்தபின் அவருடைய நூலகத்தை ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரின் வாங்கினார். 6,800க்கு மேற்பட்ட அந்தத் தொகுதிகள் இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் ஒன்றாக இருக்கின்றன. இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோவின் நூலகத்தையும் அதே பேரரசிதான் வாங்கினார், 1765இல், 15,000 லீவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்). அது மற்றப் புத்தகங்களோடு கலந்து சிதறிவிட்டது. திதரோவை ஆராயப் புறப்படுகிறவர்கள் இதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஆடம் ஸ்மித்தின் புத்தகங்களில் ஒரு பகுதி டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1920இல் ஜப்பானிய அறிஞர் நிதோபே இனாசோ வாங்கி அளித்தவை அவை. நீட்சேயின் நூலகம் வைமாரில். ஷோபன்ஹவர் பயன்படுத்திய பிரதிகள் பலவும் ஃபிராங்க்ஃபர்ட்டில். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நூல்கள் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியில். ஹன்னா ஆரண்டின் நூலகம் அமெரிக்காவின் பார்ட் கல்லூரியில்.

லாக்கின் நூலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி அவர் தங்கியிருந்த மாஷம் குடும்பத்து மகனுக்கு, மறுபாதி உறவினர் பீட்டர் கிங்கிற்கு. முதல் பாதி சிதறிவிட்டது. இரண்டாவதில் எஞ்சியதைப் பால் மெலன் என்ற அமெரிக்கச் செல்வர் வாங்கிப் போட்லியனுக்கு அளித்தார். ஏறத்தாழ 800 நூல்கள். 3,600இல் 800 மட்டுமே கைக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எதிர்பார்ப்பு ஒழுங்காக இருக்கும்.

4. பதிப்பு வேறு, பிரதி வேறு

இந்தத் தலைப்பை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள் என்பேன்.

ஒரு பயணநூலின் பக்கங்களைப் படமெடுத்துத் தர வேண்டும் என்று ஒரு நூலகத்துக்கு எழுதினேன். தலைப்பும் ஆண்டும் கொடுத்தேன், பணம் கட்டினேன், ஏழு வாரம் காத்திருந்தேன். படங்கள் அழகாக வந்தன. ஒரு பக்கத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த நூலகத்தில் அதே பதிப்பின் இரண்டு பிரதிகள் இருந்தன, எனக்கு அனுப்பியது வேறொருவர் கொடுத்த பிரதி. ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தரும் தனி எண்ணான அலமாரி எண்ணை நான் குறிப்பிடவே இல்லை. இணையத்தில் கிடைக்கும் படங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே இருப்பது பெரும்பாலும் அதே பதிப்பின் ஏதோ ஒரு பிரதி. நூலின் வாசகத்தைப் படிக்க அது போதும், அதன் ஓரத்தில் யார் என்ன எழுதினார் என்பதற்கு உதவாது.

நெதர்லாந்தில் லெய்டனுக்கு அருகே ரைன்ஸ்பர்க்கில் ஸ்பினோசா வாழ்ந்த வீட்டுக்குப் போகிறவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். அங்கே கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் நிற்கும் பழைய நூல்கள் ஸ்பினோசாவின் விரல் பட்டவை அல்ல. அவர் புத்தகங்கள் 1677லேயே விற்பனையாகிப் போயின. நோட்டரியின் பட்டியலை வைத்துக்கொண்டு அதே பதிப்புகளைப் பிற்காலத்தார் தேடிச் சேர்த்த தொகுப்பு அது. நாஜிகள் 1942இல் அதையும் பறித்துச் சென்றார்கள், போருக்குப் பின் திரும்பி வந்தது. போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஓரக்குறிப்பைத் தேடிப் போகாதீர்கள்.

உண்மையான பிரதியை எப்படி அடையாளம் காண்பது? ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். அதைப் பதிப்பாசிரியர்களின் முன்னுரைகளில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். லாக்கின் பழக்கம் இது: தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு அடியில் ஒரு கோடு. நூலின் கடைசிப் பக்க எண்ணுக்கு மேல் ஒரு கோடு. 11ஆம் பக்கத்தில் விலை. அட்டையின் உட்புறம் கையெழுத்தும் அலமாரி எண்ணும். எல்லா நூலிலும் எல்லாக் குறியும் இருக்காது.

முதன்முதலாக அந்தக் கோட்டைப் பார்த்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளங்கை அகலமே உள்ள ஒரு புத்தகம். தலைப்புப் பக்கத்தில் ஆண்டுக்கு அடியில் மங்கிய பழுப்பு மையில் ஒரு சிறு கோடு, எறும்பு நீளம். அச்சுப் பிழையோ அழுக்கோ என்று கடந்து போயிருப்பேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், எண்ணுக்கு மேல் அதே மை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் இந்த நூலை வாங்கி வந்து, உட்கார்ந்து, ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கிறார். அலைந்த அலைச்சலெல்லாம் அந்த ஒரு கோட்டில் தீர்ந்தது.

பெயர் மறைந்திருக்கவும் கூடும். பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேன் வைத்திருந்த, ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலின் 1563ஆம் ஆண்டுப் பதிப்புப் பிரதியில் பின்னால் வந்த ஓர் உரிமையாளர் மோன்தேனின் கையெழுத்து மேலேயே தம் பெயரை எழுதிவிட்டார். அதனால் அது யாருடையது என்பது 1989 வரை தெரியாமலே இருந்தது. இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1564 அக்டோபர் 16 என்று தாம் படித்து முடித்த நாளையும் மோன்தேன் அதில் குறித்திருக்கிறார்.

5. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியதை முதலில் பார்த்து முடியுங்கள்

மில்லின் ஓரக்குறிப்புகளும் ஆரண்ட் கோடிட்ட பக்கங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீட்சேயின் நூல்களிலும் பல மின்வடிவில் உள்ளன. வாசகர்கள் தங்கள் புத்தகங்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங் இணையதளத்தில் 'மரபு நூலகங்கள்' என்ற பகுதியில் மறைந்தவர்கள் பலருடைய நூலகங்களைத் தன்னார்வலர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். தொடக்கத்துக்கு நல்லது, மேற்கோள் காட்டப் போதாது. வால்டேரின் ஓரக்குறிப்புகள் 1979 முதல் பல தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. அவருக்காகப் பயணம் போகவே தேவைப்படாமல் போகலாம்.

பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்குங்கள். தினமும் அரைமணி நேரம், மூன்று மாதம். வாசிப்பறையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் நாளுக்கு இரண்டு பக்கம்கூட நகராது.

6. நூலகருக்கு எழுதும் முதல் கடிதம்

அரிய நூல் பிரிவு நூலகர்களைப் போல் உதவுகிறவர்களை நான் கண்டதில்லை. ஆனால் "லாக் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. அந்தக் கேள்விக்குப் பட்டியலின் இணைப்புதான் பதிலாக வரும், எனக்கு அப்படித்தான் வந்தது.

கடிதத்தில் நீங்கள் யார் என்று ஒரு வரி, கேள்வி என்ன என்று இரண்டு வரி, பார்க்க விரும்பும் நூல்களின் அலமாரி எண்கள், வரக்கூடிய தேதிகள். இவ்வளவு போதும். கூடவே மூன்று கேள்விகள்: அந்த நூல்கள் அந்தத் தேதிகளில் வாசிப்பறைக்குக் கிடைக்குமா? பழுதுபார்ப்பிலோ கண்காட்சியிலோ வெளிக் கிடங்கிலோ இருக்கின்றனவா? அசலைத் தருவார்களா, மின்படம் இருப்பதால் அதையே பார்க்கச் சொல்வார்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மின்படம் எடுத்தாகிவிட்ட நூலின் அசலைத் தகுந்த காரணம் இல்லாமல் பல நூலகங்கள் தருவதில்லை. மையின் நிறத்தையோ தாளில் பதிந்த தடத்தையோ பார்க்க வேண்டும் என்றால் அதைக் காரணமாக எழுதுங்கள். பயணச்சீட்டு எடுக்குமுன் பதில் கையில் இருக்க வேண்டும்.

7. ஆவணங்கள்

பெரிய ஆய்வு நூலகங்களில் பொதுவாகக் கேட்பது:

- புகைப்படம் உள்ள அடையாளச் சான்று. வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்.
- முகவரிச் சான்று. அதில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னால், பின்னால் என்று மாறினால் கேள்வி வரும். தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் சாதாரணம், முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.
- எந்த நூல்கள் வேண்டும், ஏன் வேண்டும் என்ற விவரம், அலமாரி எண்களோடு.
- அறிமுகக் கடிதம். எல்லா இடத்திலும் கேட்பதில்லை, அரிய நூல்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் கேட்கக்கூடும்.

அறிமுகக் கடிதத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கடிதம் என்னிடம் இருந்தது, கைப்பேசியில். அச்சிட்ட தாளில், நிறுவனத்தின் தலைப்போடு, கையொப்பமிட்டு வேண்டும் என்று ஒரு நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் பயணத்தில் ஒன்றரை நாள் அதில் போயிற்று. நிறுவனம் எதிலும் சேராதவர்கள், உங்கள் எழுத்தை அறிந்த ஒரு பேராசிரியரிடமோ பதிப்பாளரிடமோ வாங்கலாம். இரண்டு அச்சுப்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்லியனில் ஒரு பழைய மரபு இன்னும் உண்டு: வாசகர் அட்டை பெறுகிறவர் உறுதிமொழி ஒன்றை ஏற்க வேண்டும். நூல்களைச் சேதப்படுத்த மாட்டேன், நூலகத்துக்குள் நெருப்பையோ தீப்பிழம்பையோ கொண்டுவர மாட்டேன், மூட்ட மாட்டேன் என்பது அதன் சாரம். அவசரப்படாமல் வாசியுங்கள், அது ஒரு நல்ல தருணம்.

விசா தேவைப்படுகிறவர்களுக்கு: பிரிட்டனின் சாதாரண வருகையாளர் விசா ஆறு மாதம் வரை தங்க அனுமதிக்கும். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாம் ஷெங்கன் விசாவில் அடங்கும். எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான். ஆறு மாதத்துக்கு முன்னிருந்து பதினைந்து நாளுக்கு முன்பு வரை விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. நூலகர் எழுதிய பதிலை விண்ணப்பத்தோடு இணையுங்கள், பயணத்தின் நோக்கத்துக்கு அது நல்ல சான்று.

8. செலவும் காலமும்

வாசகர் அட்டை பல இடங்களில் இலவசம், சில இடங்களில் வெளியாருக்குக் கட்டணம் உண்டு. பெருஞ்செலவு படங்கள்தான். நூலகமே எடுத்துத் தரும் படத்துக்குப் பக்கக் கணக்கில் விலை, சில இடங்களில் குறைந்தபட்சத் தொகையும் உண்டு. முழு நூலையும் கேட்டால் பயணச் செலவை எட்டிவிடும். ஆகவே முதலில் தலைப்புப் பக்கம், அட்டையின் உட்புறங்கள், கடைசிப் பக்கம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். அந்த நான்கைந்து படங்களிலேயே பிரதி யாருடையது என்பது தெரிந்துவிடும். பல வாசிப்பறைகளில் சொந்த கேமராவில், மின்னல் விளக்கு இல்லாமல், படம் எடுக்க அனுமதிக்கிறார்கள். அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

கால அளவு என் அனுபவத்தில்: பட்டியலைச் சரிபார்க்க இரண்டு மாதம், நூலகர்களோடு கடிதப் போக்குவரத்துக்கு ஒரு மாதம், விசாவுக்கு ஒன்றரை மாதம். ஐரோப்பாவில் கல்லூரி நூலகங்கள் பல கோடையில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும், கிறிஸ்துமஸை ஒட்டி மூடிவிடும். வாசிப்பறையில் ஒரு நாளுக்கு நான்கு நூல்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

9. வாசிப்பறைக்குள்

பென்சில் மட்டும். பை, கோட், தண்ணீர் எல்லாம் வெளியே பெட்டியில். கையுறை தருவார்கள் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் கேட்பதில்லை, கழுவி உலர்ந்த கைதான் தாளுக்கு நல்லது. நூலைத் தாங்க நுரைத் தாங்கியும் பக்கம் மூடாமலிருக்க மணிக்கோவை போன்ற எடையும் தருவார்கள். அட்டையை முழுதாக விரிக்காதீர்கள்.

நேராக ஓரக்குறிப்புக்குப் பாயாமல் முன் அட்டையிலிருந்து தொடங்குங்கள். உட்புறம், வெற்றுத் தாள்கள், தலைப்புப் பக்கம், கடைசி வெற்றுத் தாள்கள். லாக் போன்றவர்கள் ஓரத்தில் எழுதுவதே அரிது. பக்க எண்களைக் கடைசித் தாளில் குறித்து வைப்பார், சாரத்தைத் தனிக் குறிப்பேட்டில் தலைப்பு வாரியாக எழுதுவார். ஓரம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து "படிக்கவில்லை" என்று நான் முதல் நாள் எழுதியதை இரண்டாம் வாரம் அவருடைய குறிப்பேடுகள் பொய்யாக்கின.

குறி எதுவானாலும் உடனே நான்கைக் குறியுங்கள்: பக்கம், வரி, மையா பென்சிலா, யாருடைய கை என்பதில் உங்கள் உறுதி. "உறுதி", "இருக்கலாம்", "தெரியவில்லை" என்று மூன்றே சொற்கள். பின்னால் வந்த உரிமையாளர்களும் கோடிட்டிருப்பார்கள் என்பதால் இந்த நான்காவது குறிப்பைக் காலியாக விடாதீர்கள்.

10. குறியிலிருந்து கருத்துக்குப் போகும் வழி

வைத்திருந்தார் என்பதால் படித்தார் என்று ஆகாது, படித்தார் என்பதால் அதிலிருந்து எடுத்தார் என்றும் ஆகாது. மறுபக்கமும் பாருங்கள்: தம்மிடம் இல்லாத நூல் ஒருவர் வாழ்க்கையையே திருப்பியிருக்கலாம். ஷோபன்ஹவர் இதற்கு நல்ல உதாரணம். உபநிடதங்களின் பாரசீக மொழிபெயர்ப்பை லத்தீனாக்கி 1801, 1802ஆம் ஆண்டுகளில் ஆங்க்தில் துய்பெரோன் வெளியிட்ட இரண்டு தொகுதிகளை அவர் முதலில் 1814 மார்ச்சில் வைமார் நூலகத்திலிருந்து இரவல் வாங்கினார். நமக்கு இது தெரிவது நூலகத்தின் இரவல் பதிவேட்டால். பின்னர் சொந்தமாக ஒரு பிரதி வாங்கி அதில் ஏராளமாகக் குறித்தார். அந்தப் பிரதியை மட்டும் பார்த்திருந்தால், அவருடைய முக்கிய நூல் உருவாவதற்கு முன்பே அந்தச் சந்திப்பு நடந்துவிட்டது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே சொந்த அலமாரியோடு நிற்காமல், உங்கள் சிந்தனையாளர் வாழ்ந்த ஊர்களின் நூலகங்களில் இரவல் பதிவேடு எஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். டேவிட் ஹியூமைப் பற்றி எழுதுகிறவர்கள் எடின்பரோ வழக்கறிஞர் சங்க நூலகத்தைத் தவிர்க்கவே முடியாது. 1752 முதல் 1757 வரை அவர் அதன் நூலகர். இங்கிலாந்து வரலாற்றை எழுதும் திட்டமே அந்த நூல்களின் நடுவே பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தேதிதான் மிக நம்பகமான சாட்சி. கடவுள் என்ற எண்ணம் எல்லா மக்களிடமும் இல்லை என்ற வாதத்துக்கு லாக், சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டைப் பற்றிய லா லூபேர் என்ற பிரெஞ்சுத் தூதரின் நூலையும் சான்று காட்டுகிறார். அந்த நூல் வெளிவந்தது 1691இல். லாக்கின் நூல் முதலில் அச்சானது 1689 இறுதியில். அப்படியானால் சயாம் அந்த வாதத்தைப் பெற்றெடுக்கவில்லை. வாதம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, லாக் புதிதாக வந்த நூலை வாங்கிப் படித்து அதற்கு மேலும் ஒரு முட்டுக் கொடுத்தார். இந்த உண்மை எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தபோது இதுவே பெரிய செய்தி என்று தோன்றியது: அச்சான நூலை முடிந்த நூலாக அவர் கருதவில்லை, அலமாரிக்கு ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் பழைய பக்கங்களைத் திறந்து பார்த்திருக்கிறார். ஆகவே உங்கள் சிந்தனையாளரின் நூல் எத்தனை பதிப்பு கண்டது, எந்தப் பதிப்பில் எந்த வரி புகுந்தது என்று காட்டும் ஆய்வுப் பதிப்பு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாப்ஸைப் பற்றி அவர் நண்பர் ஜான் ஆப்ரி எழுதிய ஒரு குறிப்பும் உதவும். மற்றவர்களைப் போல நானும் அவ்வளவு படித்திருந்தால் அவர்களைவிட அதிகமாக எதுவும் தெரிந்திருக்காது என்று ஹாப்ஸ் சொல்வாராம். அலமாரியைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியும் என்று எனக்கு ஆசை வரும்போதெல்லாம் இதை எடுத்துப் படிப்பேன்.

11. வெளியிடுமுன்

படம் எடுக்கக் கிடைத்த அனுமதி, படத்தை வெளியிட அனுமதி ஆகாது. பெரும்பாலான நூலகங்களில் அதற்குத் தனி விண்ணப்பம், சில இடங்களில் தனிக் கட்டணம். அலமாரி எண்ணையும் நூலகத்தின் பெயரையும் எந்த வாசகத்தில் குறிப்பிட வேண்டும் என்று அவர்களே எழுதித் தருவார்கள், அதை மாற்றாமல் போடுங்கள். பதில் வர எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கட்டுரையை முடித்த பிறகு கேட்காமல், முதல் வரைவு எழுதும்போதே அனுப்பிவிடுங்கள். கூடவே உங்கள் கட்டுரையின் ஒரு படியை அந்த நூலகத்துக்குத் தருவதாகவும் எழுதுங்கள். அந்தப் பிரதியின் பட்டியல் குறிப்பில் நீங்கள் கண்டதையும் அவர்கள் சேர்க்கக்கூடும். அடுத்து வருகிறவர் தவறான பிரதிக்குப் பணம் கட்ட மாட்டார்.